200/5 என்று ஒரு தகடு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்திக் கடிதம் போகும். கம்பெனியில் என்ன நடந்தது, மென்பொருளில் எதைச் சேர்த்தோம், எதைத் திருத்தினோம் என்று இரண்டு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும். அதை எழுதுவது என் பொறுப்பு. இந்த முறை "மின் கட்டணக் கணக்கீட்டில் சில மாற்றங்கள் செய்துள்ளோம்" என்று ஒரு வரி போட்டேன். போட்டுவிட்டு மனசு ஆறவில்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் 14 மாதக் கதை இருக்கிறது. அதை முழுதாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் பதினான்கு பேர். கிண்டி தொழிற்பேட்டையில் இரண்டாவது மாடி. 1958-இல் தொடங்கிய பேட்டை இது. எங்களுக்குக் கீழே இன்னும் ஒரு லேத் பட்டறை ஓடுகிறது, மதியம் மூன்று மணிக்கு மேல் மேசை லேசாக அதிரும். அலுவலகக் கட்டடம், கடை, கிடங்கு என்று வாடகைக்கு விடுபவர்களுக்கான மென்பொருளைச் செய்கிறோம். யார் எந்தத் தளத்தில் இருக்கிறார்கள், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வாடகை எப்போது ஏறுகிறது, அட்வான்ஸ் எவ்வளவு, மெயின்டனன்ஸ் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு மாதா மாதம் பில் போடும்.

இந்தத் துறையில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த அனந்த் யார்டி, 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் இன்று உலகத்தின் பெரிய சொத்து நிர்வாக மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று. அலுவலக இடத்தைப் பங்கு பிரித்து வாடகைக்கு விடும் வீவொர்க் 2023-இல் திவாலாகி மறுபடி எழுந்தபோது அதன் பெரும்பான்மைப் பங்கே அவர்கள் கைக்குப் போனது. தரமணியில் 2000-இல் டைடல் பார்க் திறந்ததிலிருந்து ஓ.எம்.ஆர். முழுக்க எழும்பிய கண்ணாடிக் கோபுரங்களைப் போன்றவற்றுக்கு அந்த மாதிரிப் பெரிய மென்பொருள்கள் பொருந்தும். 2019-இல் எம்பசி ரீட் (அலுவலகக் கட்டடங்களின் வாடகையை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) பங்குச் சந்தைக்கு வந்த பிறகு, முதலீட்டாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டடங்கள் நம் நாட்டிலும் கூடிக்கொண்டே வருகின்றன.

எங்கள் கட்டடங்கள் வேறு ஜாதி. நுங்கம்பாக்கத்திலோ தி.நகரிலோ தாத்தா காலத்தில் வாங்கிய மனை, அப்பா காலத்தில் எழுப்பிய ஐந்து மாடி. கீழே ஒரு வங்கி, முதல் மாடியில் பல் மருத்துவமனை, அதற்கு மேல் ஆடிட்டர், அதற்கு மேல் ஐம்பது அறுபது பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனி, மொட்டை மாடியில் செல்போன் கோபுரம். இவர்களுடைய கணக்கெல்லாம் இருபத்தைந்து வருஷமாக அங்கேயே இருக்கும் ஒரு கணக்குப்பிள்ளையின் எக்ஸெல் ஃபைலில் இருக்கும். அவர் லீவு போட்டால் பில் போகாது. அந்த எக்ஸெல் ஃபைலின் இடத்தைத்தான் எங்கள் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அந்த ஃபைல்மீது இரு தரப்புக்கும் இருந்த நம்பிக்கையையும் சேர்த்து நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பது எனக்குச் சரியாக உறைத்தது இந்த வருஷம்தான்.

கதைக்கு வருகிறேன்.

நகரத்தின் நடுவில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. மொத்தம் ஏழு வாடகைதாரர்கள். மின்வாரியத்திலிருந்து வருவது ஒரே ஒரு எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு. மாதாமாதம் வாரியம் கட்டட உரிமையாளருக்கு ஒரே பில்லைக் கொடுக்கும். உள்ளே ஒவ்வொரு வாடகைதாரருக்கும் ஒரு சப்-மீட்டர். யார் எவ்வளவு எரித்தார்களோ அதற்கு அவர்கள் கட்ட வேண்டும். தாய் மீட்டரில் இருந்து ஏழு சப்-மீட்டர்களையும் கழித்தால் மிச்சம் வருவது பொதுச் செலவு: லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், பார்க்கிங். அதை ஏழு பேரும் சதுர அடிக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்வார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

நான்காவது மாடி வாடகைதாரரின் கணக்குப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறார். போன டிசம்பரில் அவர் எங்களுக்கு ஒரு மெயில் அனுப்பினார். சனிக்கிழமை அலுவலகத்தை மூடிவிட்டோம், குளிர்காலம் என்பதால் பாதி ஏ.சி.யை நிறுத்திவிட்டோம், ஆனாலும் கரண்ட் பில் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை, கொஞ்சம் சரிபார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். எங்கள் பையன் ஒருவன் பார்த்தான். போன மாத ரீடிங், இந்த மாத ரீடிங், வித்தியாசம், பெருக்கல், யூனிட் விலை, எல்லாம் சரியாக இருந்தது. "கணக்கீடு சரியாக உள்ளது" என்று பதில் போட்டான். பிப்ரவரியில் இன்னொரு மெயில். அதே பதில். ஏப்ரலில் மூன்றாவது மெயில் வந்தது. அதற்குப் பதில் போட்டது நான். கணக்கீடு சரியாக உள்ளது என்று நானும் எழுதினேன்.

ஜூன் மாதம் முதல் வாரம், வேறு ஒரு வேலையாக அந்தக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். ஐந்தாவது மாடியில் புது வாடகைதாரர் வருகிறார், அவருக்கு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அடித்தளத்தில் பேனல் அறை. பதினெட்டு வருஷமாக அங்கே மேற்பார்வை பார்க்கும் அண்ணன் சாவியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே டீசல் வாசனையும் சூடும். சாம்பல் நிற இரும்புக் கதவுகளில் தளத்தின் எண்ணை மார்க்கரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஐந்தைத் திறந்து குறித்துக்கொண்டேன். அப்போது அந்த மூன்று மெயிலும் ஞாபகம் வந்தது. நாலையும் திறக்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டு மீட்டரில் காட்டும் எண்ணே யூனிட். பெரிய அலுவலகங்களில் அப்படி இல்லை. அங்கே போகும் கேபிள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தாங்கும். அதை நேராக மீட்டருக்குள் விட்டால் மீட்டர் கருகிவிடும். அதனால் கேபிளைச் சுற்றி ஒரு வளையம் மாட்டுவார்கள். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், எல்லோரும் சி.டி. என்பார்கள். 200/5 சி.டி. என்றால், கேபிளில் 200 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்கு 5 ஆம்பியர் போகும். ஆக மீட்டர் எண்ணுவது உண்மையில் நாற்பதில் ஒரு பங்கை. மீட்டரில் வரும் வித்தியாசத்தை 40-ஆல் பெருக்கினால்தான் யூனிட். 300/5 என்றால் 60-ஆல் பெருக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்திலும் பெருவிரல் அளவுக்கு ஒரு தகடு இருக்கும். அதில் இந்த எண் பொறித்திருக்கும்.

எங்கள் மென்பொருளில் நான்காவது மாடிக்கு 60 என்று இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மூன்றாவது மெயிலுக்காக நானே பார்த்தது.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். தகட்டின்மேல் தூசி படிந்திருந்தது. அண்ணன் பனியன் துணியால் துடைத்தார்.

"அண்ணா, என்ன போட்டிருக்கு? எனக்குச் சரியாத் தெரியல."

"இருநூறு பை அஞ்சு மேடம்."

"முன்னூறு இல்லையா?"

"இருநூறுதான். போன வருஷம் ஏப்ரல்ல ஒரு ஃபேஸ் எரிஞ்சுதில்ல, அப்ப மூணு வளையத்தையும் மாத்தினாங்க. இதுதான் கிடைச்சுதுன்னு போட்டாங்க."

"யாருக்காவது சொன்னீங்களாண்ணா?"

"நோட்டுல எழுதி வெச்சேனே."

மேலே போய் செக்யூரிட்டி மேசையின் இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். நீல மை, சாய்ந்த கையெழுத்து. தேதி, "4வது மாடி சி.டி. 3 மாற்றியது, 200/5, எலக்ட்ரீஷியன் கையெழுத்து". அதற்குக் கீழே தண்ணீர் லாரி வந்த நேரம். அடுத்த வரியில் லிஃப்ட் சர்வீஸ். பதினான்கு மாதமாக அந்த உண்மை அந்த இழுப்பறையில் இருந்திருக்கிறது. எழுத வேண்டியவர் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். நாங்கள் ஒருநாளும் அதைப் புரட்டவில்லை.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மாதம் மீட்டரில் 210 ஓடியிருந்தது. 40-ஆல் பெருக்கினால் 8,400 யூனிட். நாங்கள் பில் போட்டது 12,600. அதிகம் 4,200. யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் 42,000 ரூபாய். சராசரியாக எல்லா மாதமும் அதே அளவு என்றால் 14 மாதத்துக்கு 5,88,000.

அந்த வளையங்கள் மாற்றிய ஏப்ரலில் பில் ஒன்றரை மடங்காகக் குதித்திருக்க வேண்டும். குதித்தும் இருந்தது. ஆனால் அந்த மாதம்தான் அவர்கள் புதிதாக இருபது பேரைச் சேர்த்திருந்தார்கள், சென்னை வெயில் வேறு. ஏறியதற்குக் காரணம் கையில் இருந்ததால் யாரும் கேட்கவில்லை. இறங்க வேண்டியபோது இறங்காததை வைத்துத்தான் அந்தப் பெண் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து மூன்று முறை சொன்னார்.

இதில் எனக்கு இன்னும் கனக்கிற பகுதி ஒன்று இருக்கிறது. நான்காவது மாடி 4,200 யூனிட் அதிகமாகக் காட்டினால், தாய் மீட்டரில் கழித்து வரும் பொதுச் செலவு அதே 4,200 குறைவாகக் காட்டும் அல்லவா? காட்டியது. 9,000 அளவில் இருந்தது 4,800 ஆனது. அதே சமயம் அந்தக் கட்டடத்தில் படிக்கட்டு, பார்க்கிங் விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியிருந்தார்கள். போன வருஷ ஜூலை மாதச் செய்திக் கடிதத்தில், பொதுப் பகுதி மின்செலவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்த கட்டடம் என்று நான்தான் எழுதினேன். வரைபடம் எல்லாம் போட்டேன். மற்ற உரிமையாளர்கள் போன் செய்து விசாரித்தார்கள். விளக்கை மாற்றினால் கொஞ்சம் குறையும், பாதியாகக் குறையாது. பொதுச் செலவில் பெரும்பங்கு லிஃப்டும் மோட்டாரும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நல்ல செய்தியாக இருந்ததால் நான் அதைக் கேள்வி கேட்கவில்லை.

சரி, பணம் எங்கே போனது? உரிமையாளர் ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வாரியத்துக்குக் கட்டியது சரியான தொகைதான். நான்காவது மாடி அதிகம் கட்டியது, அவர்கள் உட்பட ஏழு பேருக்கும் பொதுச் செலவு குறைந்த வடிவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதாவது அவர்களுக்கே ஒரு சிறு பங்கு திரும்பி வந்திருக்கிறது, மீதி மற்ற ஆறு பேருக்கு. யாரும் திருடவில்லை, ஒருவருடைய பணம் பதினான்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டியவர். நானும் எங்கள் முதலாளியும் அவர் வீட்டுக்குப் போனோம். மோர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை படித்தார்.

"யாரு தப்பும்மா இது?"

"எங்க தப்பு ஐயா. வளையம் மாத்தினா எங்களுக்குத் தெரியணும்கிற வழியே நாங்க வைக்கல. மூணு தடவை கேட்டும் நேர்ல போய்ப் பார்க்கல."

"அவங்க பணம் எங்கிட்ட இல்லையே. மத்த ஆறு பேருகிட்டல்ல இருக்கு."

"ஆமாங்க ஐயா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பல் டாக்டர்கிட்ட போய், பதினாலு மாசமா நீங்க கம்மியா கட்டினீங்கன்னு கேக்க முடியுமா? அவங்க கணக்கு முடிச்சு வரியும் கட்டிருப்பாங்க. கேக்க வேண்டாம்" என்றார். நான்காவது மாடிக்கு மாதம் 98,000 வீதம் ஆறு மாதத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் பொதுச் செலவில் மிச்சப்படுத்திய சிறு பங்கைக்கூடக் கழிக்கவில்லை. எங்கள் பங்காக அந்தக் கட்டடத்துக்கு ஒரு வருஷக் கட்டணம் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். அது அவருடைய இழப்புக்கு ஈடாகாது, எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான்காவது மாடிக்கு நான் தனியாகப் போனேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு மேலே இருக்கிறவங்க, சாஃப்ட்வேர் போட்ட பில்லு தப்பா இருக்காது, உனக்குத்தான் கணக்கு வரலைன்னு சொல்லிட்டாங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். இதை எழுதும்போதும் எனக்கு அந்த வாக்கியம் கேட்கிறது.

ஜூலையிலிருந்து மென்பொருளில் என்ன மாறியிருக்கிறது என்றால், மீட்டர் ரீடிங் எடுப்பவர் மீட்டரைப் படம் எடுப்பதோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.டி. தகட்டையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் இல்லாமல் பில் நகராது. பில்லின் கீழே பெருக்கும் எண் எத்தனை, அது எந்தத் தகட்டிலிருந்து வந்தது என்று படத்தோடு வரும். தாய் மீட்டருக்கும் சப்-மீட்டர்களுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடினாலும் குறைந்தாலும் பில் நின்றுவிடும். குறைந்தாலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், முன்பு கூடினால் மட்டும்தான் எச்சரிக்கை வரும். அப்புறம் ஒரு வாடகைதாரர் ஒரே விஷயத்தை இரண்டாம் முறை கேட்டால், திரையைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது, ஆள் நேரில் போக வேண்டும். இது மென்பொருளில் இல்லை, எங்கள் அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.

எல்லாக் கட்டடத்திலும் தகடுகளைப் போய்ப் பார்த்தோம். எட்டு வாரம் ஆனது. இன்னும் இரண்டு இடத்தில் தவறான எண் இருந்தது. ஒன்றில் வாடகைதாரர் குறைவாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

மின்சாரக் கதை இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டதால் மற்றச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் சதுர அடி பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

சென்னையில் அலுவலகம் வாடகைக்குத் தேடியவர்களுக்குத் தெரியும், 4,200 சதுர அடி என்று சொல்லிக் கூட்டிப்போவார்கள், உள்ளே போனால் அவ்வளவு இருக்காது. சொல்வது சூப்பர் பில்ட்-அப். அதில் லிஃப்ட் முன்னால் உள்ள இடம், படிக்கட்டு, வராந்தா, சுவர் எல்லாவற்றிலும் நம் பங்கு சேர்ந்திருக்கும். நாற்காலி போட்டு உட்காரக் கிடைப்பது கார்ப்பெட் ஏரியா. இடையில் உள்ள வித்தியாசத்தை லோடிங் என்பார்கள். நூறு சதுர அடிக்கு வாடகை கொடுத்து எழுபது எழுபத்தைந்தில் உட்காருவது சாதாரணம். விற்பனைக்கு வரும் கட்டடங்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்றால் என்னவென்று வரையறுத்துவிட்டது. வாடகைக்கு மட்டுமே விடும் கட்டடத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. அமெரிக்காவில் கட்டட உரிமையாளர்களின் சங்கம் அலுவலகப் பரப்பை எப்படி அளப்பது என்று 1915-லேயே ஒரு முறையை வெளியிட்டது. நாம் இன்னும் ஆளுக்கொரு டேப்பை வைத்திருக்கிறோம்.

இந்த வருஷம் நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். எங்கள் மென்பொருளில் இருந்து போகும் எந்த பில்லிலும் இரண்டு பரப்பும் இருக்கும். உதாரணமாக 4,200 சதுர அடிக்கு 80 ரூபாய் வீதம் மாதம் 3,36,000 வாடகை. லேசர் வைத்து அளந்தால் கார்ப்பெட் 2,940. அதன்படி பார்த்தால் சதுர அடிக்கு 114 ரூபாய் சொச்சம். இரண்டு எண்ணும் உண்மைதான். லோடிங் இருப்பதில் தவறு ஒன்றும் இல்லை, லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் யாராவது காசு கொடுக்கத்தான் வேண்டும். வாடகைதாரருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. மூன்று கட்டடங்கள் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு இது பிடிக்கவில்லை. கார்ப்பெட் வரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பேசிப் பார்த்தோம். போய்விட்டார். பதினான்கு பேர் உள்ள கம்பெனிக்கு மூன்று கட்டடம் என்பது ஒருவருடைய சம்பளம். அந்த வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவை மாற்றவும் இல்லை.

அடுத்தது, ஒப்பந்தம் படிக்கும் இயந்திரம். ஸ்கேன் செய்த ஒப்பந்தத்தைப் போட்டால் ஏ.ஐ. படித்து, வாடகை, லாக்-இன் (இடையில் காலி செய்ய முடியாத காலம்), நோட்டீஸ் காலம், வாடகை ஏறும் தேதி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கும். மார்ச்சிலிருந்து பயன்படுத்துகிறோம். நாற்பது பக்க ஒப்பந்தத்தை முன்பு ஒருவர் அரை நாள் உட்கார்ந்து படிப்பார். இப்போது சில நிமிஷம். நன்றாகவே படிக்கிறது. எங்கே தடுக்கி விழுகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே வழக்கம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏற்றம். 80 ரூபாய் வாடகை மூன்று வருஷம் கழித்து 92 ஆகும். அதற்கடுத்த மூன்று வருஷத்துக்கு? கடைசியாகக் கட்டிய வாடகையின் மீது 15 சதவீதம் என்று எழுதியிருந்தால் 105 ரூபாய் 80 காசு. முதல் வாடகையின் மீது என்றால் 104. ஒரு ரூபாய் எண்பது காசுதான் வித்தியாசம். 4,200 சதுர அடிக்கு அது மாதம் 7,560, மூன்று வருஷத்துக்கு 2,72,160. எல்லாம் ஒரு சொல்லில் இருக்கிறது. ஓர் ஒப்பந்தத்தில் இயந்திரம் "கடைசியாகக் கட்டிய வாடகை" என்று சரியாகவே படித்துக் கொடுத்தது. ஆனால் 11-ஆம் பக்கத்தில் அந்தச் சொற்களைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் "முதல் வாடகை" என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடித்தல் கோடு ஸ்கேனில் மங்கலாக விழுந்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் எங்களிடம் வாரம் மூன்று நாள் வரும் ஒரு பெரியவர். நாற்பது வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தராக இருந்தவர். பழைய தமிழ்ப் பத்திரங்களில் "ஷெ சொத்து", "ஷெயார்" என்று வரும். மேற்படி என்பதன் சுருக்கம். இயந்திரம் முதலில் அதை ஓர் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பத்திரத்தைக் கையில் எடுத்தால் அவர் முதலில் பார்ப்பது ஓரங்களை. "நடுவுல இருக்கிறது வக்கீல் எழுதினது. ஓரத்துல இருக்கிறதுதான் இவங்க ரெண்டு பேரும் பேசினது" என்பார். இப்போது இயந்திரம் படித்த எல்லா ஒப்பந்தத்தையும் ஓர் ஆள் ஓரம் பார்த்த பிறகே கணக்கில் ஏற்றுகிறோம்.

அவர் வந்த பிறகு இன்னொரு நல்லதும் நடந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் பழக்கதோஷத்தில் பதினோரு மாத ஒப்பந்தமே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும்; அதைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதம். ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சேர்த்து எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கேட்கிறது. முன்பணமும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய ஊரில் இதை விளக்க ஆள் வேண்டும். அவர் போனில் பேசினால் உரிமையாளர்கள் கேட்கிறார்கள். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

வரி மாற்றங்களைப் பற்றிப் போன கடிதங்களிலேயே எழுதிவிட்டேன், ஞாபகத்துக்காக மட்டும்: ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத உரிமையாளரிடமிருந்து பதிவுள்ள நிறுவனம் வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தால், 2024 அக்டோபர் 10 முதல் 18 சதவீத வரியை வாடகைதாரரே கட்ட வேண்டும். வாடகை மீதான டி.டி.எஸ். (வாடகை கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) வரம்பு, 2025 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு 2,40,000 என்பதிலிருந்து மாதத்துக்கு 50,000 என்று மாறியது. இரண்டும் மென்பொருளில் ஏறிவிட்டன.

ஆட்கள் விஷயம். இரண்டு பேர் பெரிய கம்பெனிகளுக்குப் போனார்கள், நல்ல சம்பளம், சந்தோஷமாக அனுப்பி வைத்தோம். திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், மின்னியல் படித்தவள். சேர்ந்த முதல் வாரமே அவளைப் பேனல் அறைகளுக்கு அனுப்பினோம். அந்த எட்டு வாரத் தகடு வேலையை முடித்தது பெரும்பாலும் அவள்தான். முதலீடு ஏதும் வாங்கவில்லை. கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள், கட்டடங்களின் எண்ணிக்கையை இரண்டு வருஷத்தில் பத்து மடங்காக்க வேண்டும் என்றார்கள். இந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு எங்களுக்கு அந்த வேகத்தில் விருப்பம் இல்லை.

செய்திக் கடிதத்தை நேற்றுத்தான் அனுப்பினேன். போன வருஷம் எழுதிய அந்த எல்.இ.டி. செய்தி தவறு, அந்தக் குறைவு எங்கள் பிழையால் வந்தது என்று முதல் பத்தியிலேயே போட்டிருக்கிறேன். மூன்று உரிமையாளர்கள் போன் செய்தார்கள். மூன்று பேரும் தங்கள் கட்டடத்துத் தகட்டுப் படத்தை அனுப்பச் சொன்னார்கள்.

இன்று காலை நான்காவது மாடியிலிருந்து ஒரு மெயில். போன மாதம் ஜெனரேட்டர் ஓடிய நேரம் என்று பில்லில் 19 மணி நேரம் இருக்கிறது, அவர் தன் டைரியில் கரண்ட் போன நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறார், கூட்டினால் 16 தான் வருகிறது, டீசல் கணக்கை ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மேற்பார்வை அண்ணனுக்குப் போன் செய்து நோட்டை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான், அவர், அந்தப் பெண் மூன்று பேரும் ஜெனரேட்டர் அறையில் சந்திக்கிறோம்.